பன்னிரண்டு பேரை விட்டுவிட்டு வரமாட்டோம்

பள்ளியில் சேரும்போதும், ஸ்காலர்ஷிப்புக்கு எழுதிப் போடும்போதும் படிவத்தில் ஒரு கட்டம் வரும்: தந்தையின் தொழில். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று பேனாவைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகள், இந்தப் பத்தியைப் படிப்பவர்களிலும் நிறையப் பேர் இருப்பார்கள். கூலி என்று எழுதலாமா, விவசாயம் என்று எழுதிவிடலாமா? சாதிக்குத் தனியாக ஒரு கட்டம் இருக்கிறதுதான். ஆனால் பல ஊர்களில் அப்பாவின் தொழிலைக் கேட்டுவிட்டால் அந்தக் கட்டத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இருக்காது.

நூறு ஆண்டுகளுக்கு முன் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரத்தில் ஒரு கால்பந்து கிளப்பின் ஆட்டக்காரர்களிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். என்ன தொழில் செய்கிறாய்? எங்கே வேலை? முதலாளி யார்? எழுதப் படிக்கத் தெரியுமா? கேட்டது போலீஸ் ஸ்டேஷன் இல்லை, கால்பந்து சங்கம். அந்த ஆட்டக்காரர்கள் செய்த தவறு, கீழ்ப் பிரிவில் ஜெயித்து மேல் பிரிவுக்கு வந்தது. வந்த முதல் ஆண்டே கோப்பையையும் தூக்கிவிட்டார்கள். அதுதான் பொறுக்கவில்லை.

அந்த கிளப்பின் பெயர் வாஸ்கோடகாமா. பெயரைக் கேட்டதும் பாடப்புத்தகம் ஞாபகம் வரும். 1498-ல் கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் கப்பலில் வந்து இறங்கிய அதே ஆளின் பெயர்தான். அவர் கடல்வழி கண்டதன் 400-வது ஆண்டு என்று 1898 ஆகஸ்ட் 21-ம் தேதி ரியோவில் குடியேறியிருந்த போர்ச்சுக்கீசியர்கள் ஒரு படகோட்டும் கிளப்பைத் தொடங்கி, இந்தப் பெயரை வைத்தார்கள். கோழிக்கோட்டு மக்களுக்கு அந்த மாலுமி செய்த கொடுமைகளை அறிந்த நமக்கு, இப்படி ஒரு பெயரைச் சுமந்த கிளப் இப்படி ஒரு காரியம் செய்தது விசித்திரமாகத்தான் படுகிறது.

பந்து யாருடையது?

அன்றைய பிரேசிலைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் கதை புரியும். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்த நாடு அது. அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசியாக, 1888-ல்தான் அங்கே அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. விடுதலை கிடைத்தது; நிலம் கிடைக்கவில்லை, பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை. விடுதலையானவர்களும் அவர்கள் பிள்ளைகளும் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள், வீடுகளுக்குச் சாயம் அடித்தார்கள், வண்டி ஓட்டினார்கள், மலைச்சரிவுகளில் குடிசை போட்டுக்கொண்டார்கள்.

கால்பந்து அந்த நாட்டுக்கு வந்தது பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் பெட்டிக்குள். சாவ் பாலோ நகரத்துக்கு 1894-ல் அதைக் கொண்டுவந்தவர், இங்கிலாந்தில் படித்துவிட்டுத் திரும்பிய சார்லஸ் மில்லர். ரியோவில், சுவிட்சர்லாந்தில் படித்துவிட்டு வந்த ஆஸ்கர் காக்ஸ் 1902-ல் நண்பர்களோடு சேர்ந்து ஃபுளுமினென்சே கிளப்பைத் தொடங்கினார். ஆட்டம் பார்க்க வந்தவர்கள் தொப்பி, கோட்டு, கையுறையோடு வந்தார்கள். ஆட்டத்துக்குச் சம்பளம் வாங்குவது கௌரவக் குறைச்சல் என்பது விதி. சோற்றுக்குக் கவலை இல்லாதவனுக்கு அந்த விதியால் ஒரு நஷ்டமும் இல்லை.

கறுப்பினத்தவர் ஆடவே இல்லையா என்றால், ஆடினார்கள். புறநகரில் ஒரு பஞ்சாலையை ஒட்டி உருவான பாங்கு கிளப்பில் 1905-லேயே பிரான்சிஸ்கோ கரேகல் என்ற கறுப்பினத் தொழிலாளி ஆடியிருக்கிறார். 1907-ல் ரியோ சங்கம், நிறமுள்ளவர்களைப் பதிவு செய்யமாட்டோம் என்று வெளிப்படையாகவே அறிவித்தது. பாங்கு கிளப் சங்கத்தைவிட்டே வெளியேறிவிட்டது. ஆகவே இந்த வரலாற்றில் முதல் பெயர் வாஸ்கோ இல்லை. அதைச் சொல்லிவிடுவது நியாயம்.

இன்னொரு கதையும் உண்டு. 1914-ல் ஃபுளுமினென்சேவுக்கு ஆட வந்த கார்லோஸ் ஆல்பர்ட்டோ என்ற கலப்பின இளைஞர், முகத்தில் அரிசி மாவுப் பவுடர் பூசிக்கொண்டு மைதானத்தில் இறங்குவாராம். வியர்வையில் பவுடர் கரைந்ததும் எதிர் அணியின் ரசிகர்கள் 'அரிசி பவுடர்' என்று கத்துவார்களாம். நிறத்தை மறைக்கத்தான் பூசினாரா, சவரம் செய்த எரிச்சலுக்குப் பூசினாரா என்று இன்றும் வாதம் நடக்கிறது. எதற்காகப் பூசியிருந்தாலும் அந்தக் கூட்டம் எதைப் பார்த்துக் கத்தியது என்பதில் சந்தேகம் இல்லை.

பத்துக்கு ஒன்று

வாஸ்கோ முதலில் படகு கிளப். 1904-லேயே கலப்பினத்தவரான கான்டிடோ ஜோசே டி அரௌஜோவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்த கிளப் அது. பிரேசிலின் விளையாட்டு கிளப்புகளில் வெள்ளையர் அல்லாத ஒருவர் தலைவரானது அதுவே முதல்முறை என்கிறார்கள். கால்பந்துக்கு வந்தது 1915 நவம்பரில். மறு ஆண்டு மே 3-ம் தேதி மூன்றாம் டிவிஷனில் முதல் ஆட்டம். எதிரணி பலாடினோ. பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வாஸ்கோ தோற்றது.

மூன்றாவது டிவிஷனிலிருந்து இரண்டாவதுக்கு வந்தார்கள். 1921-ல் சங்கம் முதல் டிவிஷனையே 'ஏ', 'பி' என்று இரண்டாகப் பிரித்தது. பெரிய கிளப்புகள் 'ஏ'யில், மற்றவர்கள் 'பி'யில். பெயருக்கு முதல் டிவிஷன் என்றாலும் 'பி' கீழ்ப்படிதான். பொங்கலுக்கு நம் ஊர்களில் நடக்கிற போட்டியில் தோற்றவர் வீட்டுக்குப் போகிறார், ஜெயித்தவர் அடுத்த சுற்றுக்குப் போகிறார். லீக் முறை வேறு மாதிரி. ஒரு பருவம் முழுக்க எல்லோரும் எல்லோரோடும் ஆட வேண்டும். ஒரு நாள் அதிர்ஷ்டத்தில் மேலே போக முடியாது. மழையிலும் வெயிலிலும், அடிபட்ட காலோடும், ஞாயிறு தவறாமல் புள்ளி சேர்க்க வேண்டும்.

அதற்கு வாஸ்கோ செய்த ஏற்பாடுதான் சுவாரசியமானது. கிளப்பை நடத்தியவர்கள் மளிகைக் கடைக்காரர்கள், வியாபாரிகள். போர்ச்சுக்கீசியர்கள் என்பதால் ரியோவின் மேட்டுக்குடி அவர்களையும் கேலி பேசும். பெரிய வீட்டுப் பிள்ளைகள் இந்த கிளப்புக்கு ஆட வரமாட்டார்கள். அதனால் புறநகர் மைதானங்களில் வெறும் தரையில் ஆடிக்கொண்டிருந்தவர்களைத் தேடிப் போனார்கள். கறுப்பினத்தவரா, கலப்பினத்தவரா, ஏழை வெள்ளைக்காரரா என்று பார்க்கவில்லை. நன்றாக ஆடுகிறாரா என்று மட்டும் பார்த்தார்கள்.

கோல்கீப்பர் நெல்சன் டா கொன்செய்சாவ் டாக்சி ஓட்டியவர். முன்வரிசையில் ஆடிய செசி, சுவருக்குப் பெயிண்ட் அடித்தவர். நிக்கோலினோ துறைமுகத்தில் சுமை தூக்கியவர். நடுக்களத்தைத் தாங்கிய போலாவ் லாரி டிரைவர். இந்த நால்வரும் கறுப்பினத்தவர்கள். மற்ற வெள்ளை ஆட்டக்காரர்களும் உழைக்கும் குடும்பத்தவர்களே. சிலருக்குத் தங்கள் பெயரை எழுதுவதே பெரும்பாடு.

ஆட்டத்துக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாது; சாப்பாடில்லாமல் ஆடவும் முடியாது. கடைக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆட்டக்காரர்களைத் தங்கள் கடைகளில் வேலையாட்களாகக் கணக்கில் காட்டினார்கள். கணக்கில் குமாஸ்தா, உண்மையில் மைதானத்தில் பயிற்சி. ஜெயித்தால் இனாம் உண்டு. அதைப் பணம் என்று சொல்ல முடியாது என்பதால், தொகைக்கு ஏற்ப சேவல் என்றும் பசு என்றும் பெயர் வைத்துக்கொண்டார்கள். விலங்குப் படங்களை வைத்து நடக்கிற ஒரு லாட்டரிச் சூதாட்டம் அந்த ஊரில் பிரபலம்; அதிலிருந்து வந்த வழக்கம் இது. பிரேசிலில் இன்றைக்கும் ஜெயித்ததற்குக் கொடுக்கும் போனஸுக்கு 'பிஷோ', அதாவது விலங்கு என்றுதான் பெயர்.

இது விதியை ஏமாற்றுவதுதானே என்று ஒரு மாணவர் கேட்கலாம். ஏமாற்றுவதுதான். ஆனால் உழைக்கிறவன் ஆடவே முடியாதபடி எழுதப்பட்ட விதி அது.

1922-ம் ஆண்டு பிரேசில் சுதந்திரம் அடைந்து நூறாவது ஆண்டு. ரியோவில் உலகக் கண்காட்சி, விளக்குத் தோரணங்கள், ஃபுளுமினென்சேயின் மைதானத்தில் தென் அமெரிக்கக் கால்பந்துப் போட்டி. பிரேசில்தான் அதில் ஜெயித்தது. நகரத்தின் கண் முழுக்க அந்தப் பக்கம் இருந்த அதே ஆண்டில், வாஸ்கோ சத்தமில்லாமல் 'பி' பிரிவில் முதலிடம் பிடித்தது. அடுத்த ஆண்டு 'ஏ' பிரிவில் பெரிய கிளப்புகளோடு ஆடும் தகுதி கிடைத்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஆட்டக்காரர்களில் பலர் பல ஆண்டுகளாகக் கீழ்ப் பிரிவுகளில் ஆடிக்கொண்டிருந்தவர்கள்தான். அப்போது அவர்களின் தொழிலைப் பற்றிப் பெரிய கிளப்புகள் யாரும் கவலைப்படவில்லை. அவர்கள் இடத்தில் அவர்கள் ஆடுகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள். காலனிப் பையன்கள் காலனித் திடலில் ஆடுகிற வரைக்கும் ஊர்த்தெருவில் யாருக்கும் பிரச்சினை இல்லை. ஊர்ப் பொதுத் திடலில் நடக்கிற போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போதுதான் 'எந்தத் தெரு தம்பி?' என்ற கேள்வி வரும்.

இரண்டாம் பாதியின் அணி

1923-ல் மேலே ஏறிய வாஸ்கோவை முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வந்த வேகத்தில் கீழே போய்விடும் என்றே நினைத்தார்கள். பயிற்சியாளர் ரமோன் பிளாட்டெரோ உருகுவே நாட்டுக்காரர். 1917-ல் தன் நாட்டைத் தென் அமெரிக்கச் சாம்பியனாக்கியவர். அவர் ஆட்டக்காரர்களைத் தெருவில் நீண்ட தூரம் ஓடவிட்டார். மொரைஸ் இ சில்வா தெருவில் இருந்த வாடகை மைதானத்தில் தொடங்கி அடுத்த பேட்டையின் சதுக்கம்வரை ஓட்டம், பிறகு திரும்ப ஓட்டம். மற்ற கிளப் ஆட்டக்காரர்கள் அலுவலகமும் கல்லூரியும் முடித்து, மனசிருந்தால் பயிற்சிக்கு வருகிறவர்கள். முதல் பாதியில் அவர்கள் ஈடுகொடுப்பார்கள், சில நேரம் முந்தவும் செய்வார்கள். இரண்டாம் பாதியில் அவர்களுக்கு மூச்சு வாங்கும். வாஸ்கோ அப்போதுதான் சூடு பிடிக்கும்.

ஆட்டத்துக்கு ஆட்டம் கூட்டம் பெருகியது. அதுவரை மைதானத்துப் பக்கமே வராத கடைச் சிப்பந்திகளும் துறைமுகத் தொழிலாளிகளும் புறநகர்க் குடும்பங்களும் வந்து நின்றார்கள். பந்து பிடிப்பவனும் கோல் அடிப்பவனும் தங்களைப் போலவே இருந்தால் வரமாட்டார்களா? ஜூலை 8-ம் தேதி ஃபிளமெங்கோவிடம் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றபோது, பெரிய கிளப்புகளின் ரசிகர்கள் எல்லோரும் சேர்ந்து கொண்டாடினார்கள் என்று சொல்வார்கள். ஒருவருக்கொருவர் பரம எதிரிகளாக இருந்தவர்கள் அன்றைக்கு ஒன்றாகிவிட்டார்கள்.

பருவத்தில் அந்த ஒரு தோல்விதான். 14 ஆட்டங்களில் 11 வெற்றி, 2 டிரா. ஆகஸ்ட் 12-ம் தேதி சாவ் கிரிஸ்தோவாவ் அணியை மூன்றுக்கு இரண்டு என்று வென்றபோது ரியோ நகரச் சாம்பியன் வாஸ்கோதான் என்று உறுதியானது. அதே ஆண்டு நடந்த தென் அமெரிக்கப் போட்டியில் டாக்சி டிரைவர் நெல்சன் பிரேசில் நாட்டின் கோலைக் காத்து நின்றார். தேசிய அணியின் முதல் கறுப்பினக் கோல்கீப்பர் அவர்.

அதே 1923-ல் நம் நாட்டிலும் ஒன்று நடந்தது. பம்பாயில் நடந்த நாற்கோணக் கிரிக்கெட் போட்டியில் இந்துக்கள் அணிக்கு முதல் முறையாக ஒரு தலித், பல்வங்கர் விட்டல், கேப்டனானார். அணி ஐரோப்பியர்களைத் தோற்கடித்தது. அவருடைய அண்ணன்தான் பல்வங்கர் பாலு. தோல் வேலை செய்யும் சாதியில் பிறந்து, புனே கிளப்பில் மைதானப் பராமரிப்பு வேலை பார்த்தபடி வெள்ளைக்காரர்களுக்குப் பந்து வீசிப் பழகியவர். 1911-ல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகள் எடுத்தவர். ஆனால் தொடக்க காலத்தில், இடைவேளையின்போது சக ஆட்டக்காரர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் டீ குடிக்க, இவருக்கு வெளியே மண் குவளையில் வரும். இரட்டைக் குவளையைப் பற்றி நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அவ்வளவு பெரிய பந்துவீச்சாளருக்குக் கடைசிவரை கேப்டன் பதவி கொடுக்கப்படவில்லை. தம்பி காலத்தில்தான் அது வந்தது. (அதே பாலு 1937-ல் காங்கிரஸ் சார்பில் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார் என்பது தனிக் கதை.)

தோற்றவர்கள் செய்த வேலை

ரியோவுக்குத் திரும்புவோம். மைதானத்தில் தோற்ற பெரிய கிளப்புகள் என்ன செய்தன? இன்னும் நன்றாகப் பயிற்சி எடுத்து அடுத்த ஆண்டு வெல்லலாம் என்று நினைக்கவில்லை. சங்கத்தைவிட்டு வெளியே வந்து 1924 மார்ச் 1-ம் தேதி புதிய சங்கம் ஒன்றைத் தொடங்கின. ஃபுளுமினென்சே, ஃபிளமெங்கோ, பொட்டாஃபோகோ, அமெரிக்கா ஆகிய கிளப்புகள் முன்னால் நின்றன. 1907-ல் நிறவெறி விதியை எதிர்த்து வெளியேறிய பாங்குவும் இப்போது அவர்களோடு சேர்ந்துகொண்டது. சங்கத்தின் தலைவர் அர்னால்டோ கின்லே, நாட்டின் பெரும் பணக்காரக் குடும்பத்தவர்.

இந்த முறை விதியில் நிறம் என்ற சொல் கிடையாது. 1907-ல் இருந்த வெளிப்படைத்தன்மை 17 ஆண்டுகளில் நாகரிகமடைந்துவிட்டது. ஆட்டக்காரருக்கு ஒழுங்கான தொழில் இருக்க வேண்டும். கைத்தொழிலாலும் டிப்ஸ் காசாலும் பிழைப்பவராக இருக்கக் கூடாது. எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கிளப்புக்குத் தகுதியான சொந்த மைதானம் வேண்டும். ஒவ்வொன்றையும் தனியாகப் படித்தால் நியாயமானதுபோலவே தோன்றும். நான்கையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ரியோவில் யார் உள்ளே, யார் வெளியே என்று தெரிந்துவிடும்.

ஆட்டக்காரர்கள் சொல்லும் வேலை உண்மையா என்று பார்க்க விசாரணைக் குழுவே உண்டு. கடை கடையாகப் போய், இந்தப் பெயரில் இங்கே யாராவது வேலை செய்கிறார்களா என்று கேட்டார்கள். ஆட்டத்துக்கு முன் அதிகாரியின் கண் முன்னால் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். வாஸ்கோ தன் ஆட்டக்காரர்களை உட்கார வைத்துப் பெயர் எழுதப் பழக்கியது. எழுதக் கடினமான குடும்பப் பெயர் உள்ளவருக்கு எளிதான பெயர் ஒன்றை மாற்றி வைத்தார்களாம். பாஸ்கோல் சினெல்லி, பாஸ்கோல் சில்வா ஆனது அப்படித்தான் என்று, இந்த வரலாற்றை 1947-ல் புத்தகமாக எழுதிய பத்திரிகையாளர் மாரியோ ஃபில்யோ சொல்கிறார். ரியோவின் புகழ்பெற்ற மரக்கானா மைதானத்துக்கு அதிகாரப்பூர்வப் பெயர் இவருடையதுதான். காதால் கேட்டதையும் சேர்த்துச் சுவையாக எழுதிவிட்டார் என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் இவரைக் குறை சொல்வதுண்டு. ஆனால் லாரி ஸ்டியரிங் பிடித்த கை, பேனா பிடிக்கத் திணறியதைப் படிக்கும்போது, கைநாட்டு வைத்த நம் பாட்டன்மார் நினைவுக்கு வராமல் இருக்கமாட்டார்கள்.

கடைசியில் புதிய சங்கம் ஒரு முடிவைச் சொன்னது. வாஸ்கோ உள்ளே வரலாம். ஆனால் பன்னிரண்டு ஆட்டக்காரர்களை நீக்கிவிட்டு வர வேண்டும்.

இது நிறப் பிரச்சினையா, வர்க்கப் பிரச்சினையா என்று பிரேசில் ஆய்வாளர்கள் இன்றைக்கும் விவாதிக்கிறார்கள். விதியில் நிறம் இல்லை, நீக்கச் சொன்னவர்களில் ஏழை வெள்ளையர்களும் உண்டு, ஆகவே இது சம்பள ஆட்டத்துக்கு எதிரான நடவடிக்கைதான் என்பது ஒரு தரப்பு. அந்த வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அடிமைமுறை முடிந்து 36 ஆண்டுகளே ஆன நகரத்தில் சுமை தூக்குகிறவர் யார், எழுதத் தெரியாதவர் யார் என்று கேட்டால் பதிலில் நிறம் தானாக வந்து நிற்காதா? தொழிலையும் பிறப்பையும் ஒன்றாகக் கட்டிப் போட்ட நாட்டில் வாழும் நமக்கு இந்த விவாதம் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

ஒரு கடிதம்

1924 ஏப்ரல் 7-ம் தேதி வாஸ்கோ தலைவர் ஜோசே அகுஸ்தோ பிரெஸ்தெஸ், அர்னால்டோ கின்லேவுக்கு ஒரு கடிதம் எழுதினார். நீளமான கடிதம் இல்லை, வசைச்சொல்லும் இல்லை. தொடங்கிய ஐந்து கிளப்புகளுக்கு மட்டும் தனிச் சலுகையும், எங்களுக்குக் குறைந்த உரிமையும் என்பதை ஏற்க முடியாது என்கிறது. எங்கள் ஆட்டக்காரர்களின் சமூக நிலையை விசாரித்த விதத்தைக் கண்டிக்கிறது. அந்த விசாரணையில் அவர்கள் தரப்பில் பேச ஆளும் இல்லை, பதில் சொல்ல வாய்ப்பும் இல்லை என்கிறது. நீக்கச் சொல்லும் பன்னிரண்டு பேரும் இளைஞர்கள், ஏறக்குறைய எல்லோரும் பிரேசிலியர்கள், வாழ்க்கையை இப்போதுதான் தொடங்குகிறவர்கள். 1923-ல் கோப்பை வாங்கித் தந்தவர்கள் இவர்களில் இருக்கிறார்கள். அவர்கள் மேல் இப்படி ஒரு களங்கத்தை, அவர்களை ஏற்றுக்கொண்ட வீடே பூசாது என்கிறது. ஆகவே உங்கள் சங்கத்தில் சேரும் எண்ணத்தைக் கைவிடுகிறோம் என்று முடிகிறது.

பிரேசிலில் இதை 'வரலாற்றுப் பதில்' என்று அழைக்கிறார்கள்.

வாஸ்கோ நிர்வாகிகளைப் புரட்சிக்காரர்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. அவர்கள் வியாபாரிகள். ஜெயிக்க ஆசைப்பட்டார்கள், ஜெயிக்கிறவர்களை வைத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு பேரை நீக்கினால் அணியே இல்லை என்ற கணக்கும் அவர்களுக்குத் தெரியும். அப்படியிருந்தும், அந்தக் கடிதத்துக்கு ஒரு விலை இருந்தது. பெரிய கிளப்புகளோடு ஆடினால்தான் கூட்டம், கூட்டம் வந்தால்தான் காசு. ஏழெட்டு ஆண்டு பாடுபட்டு மூன்றாம் டிவிஷனிலிருந்து ஏறிவந்த படியைத் தாங்களே விட்டுவிட்டு, சின்ன கிளப்புகள் மட்டும் மிஞ்சிய பழைய சங்கத்துக்குத் திரும்பினார்கள். பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு தொகை கொடுத்து, அடுத்த ஆண்டு பார்க்கலாம் தம்பி என்று தோளில் தட்டி அனுப்பியிருக்கவும் முடியும். நம்மவர்களை மட்டும் வெளியே நிறுத்திவிட்டு மற்றவர்கள் உள்ளே போய் உட்கார்ந்த எத்தனையோ கூட்டணிகளை நாம் பார்த்திருக்கிறோம்.

1924-ல் பழைய சங்கத்தின் போட்டியில் ஒரு தோல்விகூட இல்லாமல் வாஸ்கோ சாம்பியனானது. பெரிய கிளப்புகளின் புதிய சங்கத்துக்கோ, மக்கள் திரண்டு பார்க்கும் அணி வெளியே நின்றது பெரிய குறை. 1925-ல் வாஸ்கோவை மற்ற பெரிய கிளப்புகளுக்குச் சமமான உரிமையோடு சேர்த்துக்கொண்டார்கள்.

சொந்த மைதானம் இல்லை என்ற குற்றச்சாட்டு பாக்கி இருந்தது. பத்தாயிரம் உறுப்பினர்களைச் சேர்ப்போம் என்று கிளப் வசூலில் இறங்கியது. கடைக்காரர்களும் தொழிலாளிகளும் சேர்ந்து கொடுத்த காசில் சாவ் ஜனுவாரியோ மைதானம் எழும்பியது. 1927 ஏப்ரல் 21-ம் தேதி திறப்பு விழாவுக்கு நாட்டின் ஜனாதிபதியே வந்தார். அன்றைய பிரேசிலில் அதைவிடப் பெரிய மைதானம் இல்லை. திறப்பு விழா ஆட்டத்தில் சான்டோஸ் அணியிடம் ஐந்துக்கு மூன்று என்று தோற்றார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1940 மே தினத்தில் பிரேசில் தொழிலாளர்களுக்கான குறைந்தபட்சக் கூலி ஆணையில் ஜனாதிபதி கெடூலியோ வர்காஸ் கையெழுத்திட்டது இதே மைதானத்தில்தான். சுமைதூக்கியும் பெயிண்டரும் ஆடக் கூடாது என்று சொன்னதற்குப் பதிலாகக் கட்டிய இடத்தில், அவர்கள் கூலிக்கு ஒரு சட்டம் வந்தது.

1933-ல் ரியோவிலும் சாவ் பாலோவிலும் சம்பள ஆட்டம் சட்டப்படி வந்தது. அதன்பிறகு தொழிலைக் கேட்க முடியாது, கால்பந்தே தொழிலாகிவிட்டது. லியோனிடாஸ், டோமிங்கோஸ் போன்ற கறுப்பின நட்சத்திரங்கள் வந்தார்கள். 1934-ல் இருவருமே வாஸ்கோவுக்கு ஆடினார்கள். பெலே பிறக்க இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன.

இப்போதைய கதைக்கு வருவோம். வாஸ்கோ 2008-லிருந்து நான்கு முறை தேசிய லீகின் முதல் பிரிவிலிருந்து கீழே விழுந்தது. கடைசியாக விழுந்தது 2020 பருவத்தில். 2021-ல் ஏற முடியவில்லை. 2022-ல் கடைசி ஆட்டம்வரை இழுபறி. அந்த ஆண்டு மேலே போனது முதல் நான்கு அணிகள் மட்டும். நவம்பர் 6-ம் தேதி இட்டு என்ற ஊரில், இட்டுவானோ அணிக்கு எதிராக வாஸ்கோவுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அடிக்க வந்தவர் நெனே. வயது 41. அடித்தார், கோல். ஒன்றுக்குப் பூஜ்யம். நான்காவது இடம். நெல்சனும் செசியும் நிக்கோலினோவும் போலாவும் கீழ்ப் பிரிவிலிருந்து ஏறிய 1922-க்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, அதே கிளப் மறுபடி மேலே ஏறியது.

அடுத்த ஆண்டு ஜூனில் சாவ் ஜனுவாரியோவில் ஒரு தோல்விக்குப் பிறகு ரசிகர்கள் கலாட்டா செய்தார்கள். கண்டிக்க வேண்டியதுதான். மைதானம் மூடப்பட்டது. ஆனால் நீதிமன்றத்துக்குப் போன அறிக்கையில் கலாட்டாவோடு வேறு சில காரணங்களும் இருந்தன. மைதானத்தைச் சுற்றி இருப்பது பர்ரெய்ரா டோ வாஸ்கோ என்ற குடிசைப் பகுதி, தெருக்கள் குறுகலானவை, அங்கே துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் வசிக்கும் இடம் எப்படி மைதானத்தின் குற்றமாகும் என்று பர்ரெய்ரா மக்கள் கேட்டார்கள். ஆட்ட நாளில் கறி சுட்டு விற்று, தண்ணீர் பாட்டில் விற்று நாலு காசு பார்த்த குடும்பங்களுக்கு அந்த மாதங்களில் வருமானம் போனது. கிளப்பும் அவர்களோடு சேர்ந்து குரல் கொடுத்தது. செப்டம்பரில் கதவு திறந்தது. கொரிட்டிபா அணியோடு ஆட்டம். வாஸ்கோ ஐந்து கோல் அடித்தது.